இடுப்பளவுத் தாழ்ப்பாள்

என் பேத்திக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். பதினான்கு பற்கள். செம்பூரில் நாங்கள் இருக்கும் மூன்றாவது மாடி வீட்டில் வாசலிலிருந்து சமையலறை மேடைவரை என் காலடியில் பதினாறு, அவள் காலடியில் முப்பத்தொன்று. ஓடினால் எண்ண முடியாது. நாளுக்கு ஆறு தடவை விழுவாள். நான்கு தடவை தானே எழுந்து போய்விடுவாள். மற்ற இரண்டு தடவை யாராவது பார்த்துவிட்டதால் அழுவாள்.

நாற்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக் கொடுத்தவன் நான். எண்ணாமல் விட்ட பொருள் காணாமல் போகும் என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. மனைவி இறந்த பிறகு கொஞ்சம் கூடியும் விட்டது.

மருமகள் மறுபடி ஆபீஸுக்குப் போகவேண்டிய நாள் வந்தபோது, குழந்தையை எங்கே விடுவது என்ற பேச்சு எழுந்தது. எங்கள் தெருமுனைக்கு அடுத்த சந்தில் ஒரு பாளணாகர் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு மராத்தியில் அதுதான் பெயர். மருமகள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தமாக இருக்கிறது, நல்லவர்களாகத் தெரிகிறார்கள் என்றாள். இருபது பிள்ளைகளுக்கு மூன்று பேர் என்றால் ஆளுக்கு எத்தனை பிள்ளை என்று உடனே வகுத்துப் பார்த்தேன். மீதி வந்தது. அந்த மீதி என் பேத்தியாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது.

"ஒரு மாசம் எங்கிட்ட விட்டுப் பாரும்மா. சரிப்படலன்னா நீ சொல்லுற எடத்துக்கே அனுப்பிரு" என்றேன்.

"மாமா, அவ பின்னால ஓட முடியுமா உங்களால?"

"ஓட மாட்டேன். அவ போற எடத்துக்கு முந்திப் போய் நிப்பேன்."

மகன் சிரித்தான். "எப்பா, அவ ஸ்டோர் சாமான் இல்ல. வச்ச எடத்துல இருக்க மாட்டா."

மருமகள் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி மாமா, ஒரு மாசம் பாப்போம்" என்றாள். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதாக ஞாபகம் இல்லை. அன்று கெஞ்சியிருக்கிறேன் என்பது இரவு படுக்கும்போதுதான் தெரிந்தது.

அந்த மாதத்துக்காக ஒரு நோட்டுப் போட்டேன். பருப்புச் சோறு பதினொரு வாய், துப்பியது மூன்று. தூக்கம் ஒரு மணி பத்து நிமிஷம். ஜட்டி மாற்றியது ஐந்து. சாயங்காலம் மருமகள் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே அதைப் படிப்பாள். ஒருநாள் பேத்தி எடுத்துப்போன என் கண்ணாடியை நான்கு மணி நேரம் தேடி, கடைசியில் அரிசி டப்பாவுக்குள் இருந்து எடுத்தேன். அதை நோட்டில் எழுதவில்லை. மறுநாள் சோறு வடிக்க அரிசி அளந்த மருமகள், "மாமா, உங்க கண்ணாடிக் கூடு இங்க இருக்கு. கண்ணாடி எங்க?" என்று கேட்டாள். அதன்பிறகு எல்லாவற்றையும் எழுதினேன்.

செருப்புகள்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஜோடியாக இருக்கும் செருப்பு அவளுக்குப் பொறுக்காது. ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஒற்றையாகக் கிடப்பதைக் கண்டாலும் அங்கேதான் கொண்டுபோவாள். நான் தடுத்தால் "நக்கோ!" என்று எதிர்வீட்டு மராத்தி அம்மாவின் குரலில் அதட்டுவாள். வேண்டாம் என்பதற்கு அவளிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. வேண்டும் என்பதற்குச் சொல்லே கிடையாது. எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். லேபர் கேம்ப் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்த காலத்திலிருந்து விட்டுப்போகாத வழக்கம். பாய் விரித்து உட்காருவோம், ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு நான் ஜெபிப்பேன். சொந்தக்காரர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி ஜெபிப்பது என் வழக்கம். மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர். வயதில் மூத்தவர்கள் முதலில், எங்கள் பக்கம் முடிந்து மருமகள் பக்கம். முடிந்ததும் சமையலறையிலிருந்து பிஸ்கட் டப்பா வரும், ஆளுக்கு ஒன்று. பேத்தி அந்த வரிசையை ஒரே வாரத்தில் புரிந்துகொண்டாள். நான் கண்ணை மூடிக் குரலைத் தாழ்த்தியதும் எங்கே இருந்தாலும் வந்து சம்மணம் போட்டு உட்காருவாள். பதிமூன்றாவது பதினான்காவது பெயர் வரும்போது பொறுமை தீர்ந்துவிடும். "ஆமென்!" என்று கத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடுவாள். அவள் ஆமென் சொன்ன பிறகு யாரும் கண்ணை மூடியிருக்க முடியாது.

"எங்க அம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் இருபதுக்கு மேலதான வாராவ" என்று மருமகள் ஒருநாள் சொன்னாள். "ரெண்டு வாரமா அவங்களுக்கு ஜெபமே இல்ல, மாமா. எங்க தம்பிக்குக் காய்ச்சல் விட மாட்டேங்குது."

மறுநாள் முதல் பெயர்களைக் கடைசியிலிருந்து முதலாகச் சொன்னேன். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்ததை, என் கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன்.

இப்படி இருபத்திரண்டு நாள் போனது. இன்னும் எட்டு நாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை பதினொன்றேகால். அடுப்பில் பால் வைத்திருந்தேன், சின்னத் தீயில். குப்பை எடுக்கிற பெண் மணியடித்துவிட்டு மேலே போய்விட்டாள். ஈரக் குப்பை டப்பாவை மாடிப்படி மூலையில் வைத்தால் இறங்கும்போது எடுத்துக்கொள்வாள். வாசலிலிருந்து அந்த மூலை ஏழு காலடி. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க என் செருப்பு ஒன்றை இடுக்கில் வைத்துவிட்டுப் போனேன். வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது ஒற்றைச் செருப்பு என்பதும், ஒற்றைச் செருப்பைப் பார்த்தால் அவள் என்ன செய்வாள் என்பதும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐந்தாவது காலடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏழாவது அடியில் டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டுக் கதவுக்குத் தலைக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் முன்பே இருந்தது. என் வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேலே எழாது. பகலில் கதவு வெறுமனே பூட்டு நாக்கில் மட்டும் நிற்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். அதனால் போன வருஷம் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு இடுப்பளவில் இன்னொன்று போட்டேன். இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும்படி எண்ணெயும் நானே விட்டுவந்தேன், வாரம் ஒரு தடவை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தாழ்ப்பாள் விழுந்த கதவுக்குச் சாவி என்ன செய்யும்?

"கண்ணு, தாத்தா வந்துட்டேன். இழு. அந்தக் கம்பிய இழு" என்றேன்.

உள்ளே சிரிப்பு. பிறகு செருப்பு ரேக்கிலிருந்து இறங்கும் சத்தம். அதன்மேல் ஏறித்தான் எட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் என் முகம் காணவில்லை என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அழுகை. கதவை இரண்டு கையாலும் அடித்தாள். அவள் அழுகையில் எத்தனையோ ரகம் எனக்குத் தெரியும். இது நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு மராத்தி அம்மா கதவைத் திறந்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர், நான் அவரை மராத்தியில் அக்கா என்ற பொருளில் தாயி என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். "க்யா ஹுவா அண்ணா?" என்றவர், கேட்ட கையோடு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி மராத்தியில் கொஞ்சத் தொடங்கினார். அழுகை கூடியது. "மருமகளுக்குப் போன் பண்ணட்டுமா?" என்று என்னைப் பார்த்தார்.

"வேண்டாம். இப்பத் திறந்துருவா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு நாள் பாக்கி இருந்தது.

குழந்தையை உட்கார வைத்தால் போதும், அழுகை நின்றால் போதும் என்று நினைத்தேன். அவளைச் சொன்ன இடத்தில் உட்கார வைக்கக்கூடிய ஒரே வழி எனக்குத் தெரியும். கதவோரம் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஏழரை மணிக் குரலில், "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தேன்.

அழுகை நின்றது. தாயியும் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கைகூப்பி நின்றார். நான் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனேன். முதல், இரண்டாவது, மூன்றாவது. கதவுக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். தூங்கிப்போனால்கூட நல்லது என்று குரலை இன்னும் தாழ்த்தினேன். ஒன்பதாவது பெயரில் இருந்தேன்.

"ஆமென்!"

காலடிச் சத்தம். முப்பத்தொன்றும் ஓட்டமாகப் போனது. நான் கண்ணைத் திறந்து அப்படியே இருந்தேன். ஆமெனுக்குப் பிறகு பிஸ்கட். பிஸ்கட் டப்பா மேடையில், அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி. அடுப்பில் பால். நானே அவளை அனுப்பியிருந்தேன்.

பிளாஸ்டிக் ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"தாயி, கேஸ். கேஸ் எரியுது" என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியாது. அவருக்குப் புரிந்தது. மாடிப்படி ஜன்னலுக்கு ஓடிக் கீழே பார்த்துக் கத்தினார். எங்கள் கட்டடத்துக்குக் குழாய் கேஸ். கீழே சுவரோரம் ஒரு வால்வு உண்டு, அதை அடைத்தால் எங்கள் பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் போகாது. "வாட்ச்மேன்! கேஸ் பந்த் கர்! பூரா பந்த் கர்!" இரண்டு தடவை ஏன் எதற்கு என்று கேட்டான். மூன்றாவது தடவை தாயி சொன்னதை இங்கே எழுத முடியாது. அடைத்துவிட்டான்.

அடுத்த நிமிஷமே ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. கரண்டியோடு ஒரு பெண், மாவுக் கையோடு இன்னொருத்தி. "என் தாளிப்பு பாதியிலே நின்னுருச்சு" என்று ஒருவர் கீழிருந்து இந்தியில் புலம்பினார். தாயி படியில் நின்று, "உன் தாளிப்பு கிடக்கட்டும், உள்ளே குழந்தை" என்றதும் புலம்பல் நின்றது. மொட்டைமாடியில் ஒழுகலுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடப்பாரையைக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் என் எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து வந்தது.

பதினாறு காலடி. அன்று நான் எத்தனையில் போனேன் என்று தெரியாது.

மேடைக்குக் கீழே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. மேலே அடுப்பில் பால் பொங்கி ஒரு பக்கமாக வழிந்து மேடை ஓரம்வரை வந்திருந்தது. ஸ்டூல் நேர் அடியில் நின்றது. டப்பாவின் மூடி அவளுக்குத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எதுவுமே நடக்காததுபோல நீட்டினாள். "தாத்தா, கோல்."

திற என்று இந்தியில். திறந்து கொடுத்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கை, கால், கழுத்து, முதுகு என்று பார்த்தேன். விரல்களை எண்ணினேன், இருபது. மறுபடி எண்ணினேன்.

மொத்தம் இருபத்தொரு நிமிஷம்.

பன்னிரண்டு மணிக்கு மருமகள் போன் செய்தாள். கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கேஸ் ஏன் நின்றது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். "மாமா, நம்ம பில்டிங்ல கேஸ் ஆஃப் பண்ணினாவளாமே, எதுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ ரிப்பேர்."

"பாப்பா?"

"தூங்குதா."

அது மட்டும் உண்மை. பிஸ்கட் தூளோடு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு நோட்டை எடுத்தேன். பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கே மருமகள் வந்துவிட்டாள். குரூப்பில் அடுத்தடுத்து எல்லாம் எழுதிவிட்டார்கள். உள்ளே வந்ததும் தூங்கியெழுந்து உட்கார்ந்திருந்த குழந்தையைத் தூக்கிக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். குழந்தை அவள் காதில் தொங்கலை இழுத்தது. அப்படியே வாசலுக்குப் போய், பிய்ந்துபோன இடத்தில் மரச்சிராய் நிற்பதை விரலால் தடவினாள்.

"எவ்வளவு நேரம் மாமா?"

"இருபத்தொரு நிமிஷம்."

"எண்ணிருப்பியன்னு தெரியும்" என்றாள். "அதுல ஒரு நிமிஷம் எனக்குப் போன் பண்ணத் தோணலையா?"

தரையில் கிடந்த திருகாணியைக் குனிந்து எடுத்தேன்.

"கதவத் தாப்பாப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ எங்கிட்ட இருந்தாலும் போடுவா. ஆனா நான் கேட்டேன்ல? ரிப்பேருன்னு ஏன் சொன்னிய? நாளைக்கு நீங்க பாப்பா நல்லா இருக்கான்னு சொன்னா ஆபீஸ்ல உக்காந்து அத நான் நம்பணும்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"சொன்னா பிள்ளைய அங்க அனுப்பிருவேன்னு பயந்துட்டேம்மா" என்றேன். "இன்னும் எட்டு நாள் இருந்துச்சு."

அவள் செருப்பு ரேக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. குழந்தை அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தது.

"நானே சொல்லிருதேன்" என்றேன். "அனுப்பிரு. என் கையி மேல எழாது. தாப்பாள இனிக் கீழ வைக்கவும் எனக்கு மனசு வராது."

"மாமா, இந்த இருபத்திமூணு நாள்ல நீங்க உக்காந்து ஒரு தட்டுச் சோறு முழுசாச் சாப்பிட்டத நான் பாக்கல. அவளுக்குப் பதினொரு வாய்னு எழுதுதிய. உங்களுக்கு எத்தன வாய்னு எங்க எழுதிருக்கிய?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு கிலோ குறைந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் பார்த்திருப்பாள் என்பது தெரியாது.

சாயங்காலம் மகன் வந்ததும் மூன்று பேரும் பேசினோம். மகன் தாழ்ப்பாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்பா, இவ்வளவு எண்ணெய் விட்டா கதவே நடந்து போயிருக்கும்" என்றான். யாரும் சிரிக்காததால் அவனே வைத்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெகுநேரம் ஜன்னலோரம் நின்றான். முடிவை மருமகள் சொன்னாள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை பாளணாகர். ஒரு மணிக்கு நான் போய்க் கூட்டிவரவேண்டும். அதன்பிறகு ஆறரைக்கு அவள் வரும்வரை என்னிடம். என்ன நடந்தாலும், எறும்பு கடித்தாலும், முதல் போன் அவளுக்கு.

ஒன்பதிலிருந்து ஒன்று. நான்கு மணி நேரம். மீதி ஐந்தரை மணி நேரம் என்னுடையது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தோற்றேன் என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டருகே போகும்போது அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். உள்ளே யாரோ ஒரு பிள்ளை சிவப்பு வாளி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். விரலை விட்டாள், போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அழுவாள் என்று நினைத்து இரண்டு கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். பொறுப்பில் இருந்த பெண், "ஆஜோபா, நீங்கள் போகலாம்" என்றாள். மராத்தியில் தாத்தா என்று கூப்பிட்டது இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். நான்கு இட்லி. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்பது ஒற்றைச் செருப்புகளை எடுத்து ஜோடி சேர்த்தேன். மணி பத்துகூட ஆகவில்லை. பேப்பர் படித்தேன். ஒவ்வொரு செய்தியையும் முடித்துவிட்டு நிமிர்ந்து, இந்நேரம் யார் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டேன். நடந்தால் ஆறு நிமிஷம்.

பன்னிரண்டு பத்துக்குக் கேட் முன்னால் போய் நின்றேன். ஐம்பது நிமிஷம் முன்னதாக வந்துவிட்டோமே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. சுவர் நிழலில் ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு குஜராத்திக் கிழவர், கைத்தடியோடு ஒருவர், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சீக்கியர். மூன்று பேரும் என் வயதுதான். மூன்று பேரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குஜராத்திக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல் நாளா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமாம்."

"ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்."

"தெரியும்" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டார். நான் நாலாவது ஆளாக நின்றேன்.